விமானி கையை அசைத்தால் இறக்கை ஏன் அசைகிறது?

2024 நவம்பர் 30. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த நாள். மரக்காணத்தில் உப்பளம் எது, வரப்பு எது என்று தெரியாமல் எல்லாம் தண்ணீராகக் கிடந்தது. அன்று சென்னை விமான நிலையத்தில் எடுத்த ஒரு வீடியோ உங்கள் செல்போனுக்கும் வந்திருக்கும். மும்பையிலிருந்து வந்த இண்டிகோ விமானம் ஓடுபாதைக்கு மேலே தள்ளாடியது, ஒரு பக்கம் சாய்ந்தது, கடைசி நொடியில் இறங்காமலே மறுபடி மேலே ஏறிப் போய்விட்டது.

"விமானி நல்லா இழுத்துப் பிடிச்சாரு" என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். திறமை அவருடையதுதான், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அவர் எதையும் இழுத்துப் பிடிக்கவில்லை. அவர் ஓட்டியது போன்ற ஏர்பஸ் ஏ320 வகை விமானத்தில் விமானியின் கையில் இருப்பது இருக்கைக்குப் பக்கவாட்டில் உள்ள ஒரு சிறு கைப்பிடி. அதற்குப் பெயர் சைட்ஸ்டிக். அந்தக் கைப்பிடிக்கும் இறக்கைக்கும் நடுவில் இரும்புக் கம்பியும் இல்லை, கயிறும் இல்லை. மின்கம்பியும் கணினிகளும் மட்டுமே இருக்கின்றன. இந்த ஏற்பாட்டைத்தான் ஃப்ளை-பை-வயர் (மின்கம்பி வழியாக விமானத்தைக் கட்டுப்படுத்தும் முறை) என்கிறார்கள்.

கேட்டதும் வயிற்றில் புளியைக் கரைக்கிறதா? பொறுங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், விமானத்தில் அசைவது எது? இறக்கையின் நுனிப்பக்கம், பின் ஓரத்தில் ஒரு நீளப் பலகை இருக்கும். அது அய்லரான். ஒரு இறக்கையில் அது மேலே போனால் மறு இறக்கையில் கீழே வரும், விமானம் சாயும். வாலில் படுக்கையாக இருக்கும் பலகை எலிவேட்டர். அது மூக்கைத் தூக்கவும் தாழ்த்தவும். வாலில் செங்குத்தாக நிற்பது ரட்டர் (சுக்கான்). அது மூக்கை இடம் வலமாகத் திருப்பும். போதாதென்று இறக்கையின் மேல்பக்கம் ஸ்பாய்லர் என்ற தகடுகள் எழும்பும், படுக்கும். விமானத்தை வளைப்பது, ஏற்றுவது, இறக்குவது எல்லாமே இந்தப் பலகைகள் காற்றை மறித்துத் திருப்புவதால் நடப்பவைதான்.

முன்பு இந்தப் பலகைகளை எப்படி அசைத்தார்கள்? எஃகு வடங்களால். விமானியின் கைச்சக்கரத்திலிருந்து தரைக்கு அடியில் உருளைகள் வழியாக வடம் ஓடி, வால் வரைக்கும் போகும். பழைய கதை என்று நினைக்காதீர்கள். மரக்காணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் விமான நிலையம் புதுச்சேரி லாஸ்பேட்டை. அங்கே வந்துபோகும் ஏடிஆர் என்ற காற்றாடி விமானத்தில் இன்றைக்கும் வடம்தான். சேலத்துக்கும் தூத்துக்குடிக்கும் பறப்பதும் அதே வகை. திருச்சியிலிருந்து வளைகுடாவுக்குப் போகும் போயிங் 737-லும் வடம் உண்டு. அது பெரிய விமானம் என்பதால் வடம் இழுத்த திசையில் பலகையைத் தள்ள ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்தத்தால் தள்ளும் அமைப்பு) துணைக்கு நிற்கும்.

அப்படியானால் வடத்தை எடுத்துவிட்டு மின்கம்பியைப் போட்டது மட்டும்தான் வித்தியாசமா? இல்லை, விஷயமே இங்கேதான் இருக்கிறது.

நம் பக்கத்து வயல்களில் செல்போன் ஸ்டார்ட்டர் வந்துவிட்டது. வீட்டில் உட்கார்ந்து போன் போட்டால் வயலில் மோட்டார் ஓடும். நீங்கள் போனில் அனுப்புவது ஒரு வேண்டுகோள். வயலில் இருக்கும் பெட்டி முதலில் மூன்று ஃபேஸும் வருகிறதா என்று பார்க்கும். ஒரு ஃபேஸ் இல்லையென்றால் எத்தனை தடவை போன் போட்டாலும் மோட்டாரை ஓட விடாது. ஓடினால் காயில் எரிந்துவிடும் என்று அதற்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஃப்ளை-பை-வயரும் அதே போலத்தான். விமானியின் கையசைவு ஒரு வேண்டுகோள். அதை எப்படி நிறைவேற்றுவது, எந்த எல்லையோடு நிறுத்துவது என்பதைக் கணினி பார்த்துக்கொள்கிறது.

அந்த வேண்டுகோள் எப்படிப்பட்டது? வட விமானத்தில் விமானி சொல்வது "இந்தப் பலகையை இத்தனை பாகை திருப்பு". ஏ320-இல் அவர் சைட்ஸ்டிக்கைச் சாய்த்தால் "விமானம் இந்த வேகத்தில் இடப்பக்கம் சாயட்டும்" என்று பொருள். அதற்கு எந்தப் பலகை எவ்வளவு திரும்ப வேண்டும் என்று கணினி கணக்குப் போடும். விமானத்தின் வேகம், உயரம், சாய்வு, மூக்கின் கோணம் ஆகியவற்றை உணரிகள் (அளந்து சொல்லும் கருவிகள்) நொடிக்குப் பல தடவை அதற்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். கணக்கு முடிந்ததும் கட்டளை மின்கம்பி வழியே இறக்கைக்குப் போகும். அங்கே ஹைட்ராலிக் தண்டு பலகையைத் தள்ளும். பலகை சொன்ன இடத்துக்கு வந்ததா என்ற பதிலும் கம்பி வழியே திரும்பி வரும். கட்டளையைக் கொண்டுபோவது கம்பி, பாரத்தைத் தள்ளுவது எண்ணெய்.

கைப்பிடியை விட்டுவிட்டால்? விமானம் கடைசியாக இருந்த நிலையிலேயே பறந்துகொண்டிருக்கும். ஒரு காற்று வந்து இறக்கையைத் தட்டினால், விமானி கை வைக்கும் முன்பே கணினி அய்லரானை அசைத்துச் சமாளிக்கும்.

எல்லை என்றேனே, அது என்ன? ஏ320-இல் விமானி கைப்பிடியை முழுதாகச் சாய்த்தாலும் விமானம் 67 பாகைக்கு மேல் சாயாது. கையை எடுத்தால் தானாக 33 பாகைக்குத் திரும்பிவிடும். மூக்கை 30 பாகைக்கு மேல் தூக்க விடாது, 15 பாகைக்குக் கீழே கவிழ விடாது. இதைவிட முக்கியமான காவல் ஒன்று உண்டு. மூக்கை அளவுக்கு மீறித் தூக்கினால் இறக்கை காற்றைப் பிடிக்க முடியாமல் விமானம் விழத் தொடங்கும். இதை ஸ்டால் என்பார்கள். ஃப்ளை-பை-வயர் அந்த விளிம்பு வரை மட்டும் போக விட்டு, அங்கேயே பிடித்துக்கொள்ளும். புயல் காற்றில் தரைக்கு அருகே இறங்காமல் மேலே ஏறும்போது இது பெரிய துணை. விமானி அவசரத்தில் கைப்பிடியை வேண்டிய அளவு இழுக்கலாம், விமானம் ஸ்டால் ஆகிவிடுமோ என்று ஒரு கண்ணை அந்தப் பக்கம் வைத்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் புயலையே கணினி வென்றுவிடும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இறங்கலாமா, திரும்பி ஏறலாமா என்று முடிவு செய்வது மனிதர்தான். அன்று சென்னை விமான நிலையமே பல மணி நேரம் மூடிக் கிடந்தது.

"மனிதன் பேச்சை இயந்திரம் கேட்காதா?" என்ற கேள்வி விமானிகளிடையேயும் பழைய சண்டை. ஏர்பஸ் எல்லையைத் தாண்டவே விடாது. போயிங் தன் 777, 787 விமானங்களில் ஃப்ளை-பை-வயர் வைத்தாலும் பழைய கைச்சக்கரத்தை விடவில்லை. எல்லைக்கு அருகே போனால் சக்கரம் கனக்கும், அதையும் மீறித் தள்ளினால் விமானி பேச்சைக் கேட்கும். எது சரி என்று கேட்டால், இரண்டும் பல கோடி மணி நேரம் பறந்து நிரூபித்தவை என்றுதான் சொல்வேன்.

இது ஆட்டோபைலட்தானே என்று ஒரு சந்தேகம் வரும். இல்லை. ஆட்டோபைலட் என்பது விமானிக்குப் பதிலாக வழி பார்த்துப் பறப்பது. அதை அணைத்துவிடலாம். ஃப்ளை-பை-வயர் விமானி கையால் ஓட்டும்போதும் நடுவில் இருக்கும்.

இந்தக் குழப்பத்துக்கு நம் நாட்டில் ஒரு கசப்பான வரலாறு உண்டு. ஏ320 முதன்முதலில் பறந்தது 1987 பிப்ரவரியில், பயணிகளை ஏற்றத் தொடங்கியது 1988-இல். இந்தியன் ஏர்லைன்ஸ் 1989-லேயே அதை வாங்கிவிட்டது. 1990 பிப்ரவரி 14 அன்று பம்பாயிலிருந்து வந்த அந்த வகை விமானம் பெங்களூர் பழைய விமான நிலையத்தில் ஓடுபாதைக்கு முன்பே விழுந்தது. 146 பேரில் 92 பேர் இறந்தார்கள். "கம்ப்யூட்டர் விமானம் கவிழ்த்துவிட்டது" என்று நாடே பேசியது. வாங்கிய ஏ320 எல்லாவற்றையும் மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தார்கள். விசாரணையில் வந்த முடிவு வேறு. இறங்கும் வேளையில் எஞ்சின் விசை மிகக் குறைந்த நிலையில் நிற்கும்படியான ஒரு முறை தேர்வாகியிருந்தது, வேகம் குறைந்துகொண்டே போனது, விமானிகள் அதைக் கவனிக்கத் தவறினார்கள். பலகைகளை அசைக்கும் கணினிகள் மேல் குற்றம் இல்லை. புது இயந்திரத்தை வாங்குவது சுலபம், அது எந்த நேரத்தில் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறது என்று புரிந்துகொள்ளப் பழகுவதுதான் கடினம். இன்று விமானிகளுக்குத் தரையிலேயே சிமுலேட்டரில் (பறப்பதைப் போலவே நடிக்கும் பயிற்சி அறை) இதைத்தான் திரும்பத் திரும்பப் பழக்குகிறார்கள்.

சரி, கணினி கெட்டுப்போனால்?

ஒரே ஒரு கணினி இருந்தால்தானே பயம். ஏ320-இல் பலகைகளைப் பார்த்துக்கொள்ள மட்டும் 7 கணினிகள் உண்டு. எலாக் என்பது 2, செக் என்பது 3, ஃபாக் என்பது 2. எலாக்கும் செக்கும் வேறு வேறு நிறுவனத்தின் சில்லுகளில் ஓடுகின்றன. நிரல்களையும் (கணினிக்கு எழுதிக் கொடுக்கும் கட்டளைத் தொகுப்பு) தனித்தனிக் குழுக்கள் எழுதின. ஒரே ஆள் எழுதினால் ஒரே தப்பு எல்லாவற்றிலும் வந்துவிடும் அல்லவா? ஒவ்வொரு கணினிக்குள்ளும் இரண்டு பாதிகள் இருக்கின்றன. ஒன்று கட்டளை இடும், மற்றொன்று அதே கணக்கைத் தனியாகப் போட்டுப் பார்க்கும். இரண்டும் ஒத்துவராவிட்டால் அந்தக் கணினி தானாக ஒதுங்கிக்கொள்ளும், அடுத்தது பொறுப்பேற்கும்.

கணினிகளோ உணரிகளோ ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தால், மேலே சொன்ன காவல் எல்லைகளும் படிப்படியாக விலகும். அப்போது விமானம் பழைய விமானம் மாதிரி ஆகும், விமானி முழுக் கவனத்தோடு ஓட்ட வேண்டும். இதில் ஆபத்து இல்லாமல் இல்லை. 2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக் கடல்மேல் ஏர் ஃபிரான்ஸ் 447-இல் நடந்தது இதுதான். வேகம் அளக்கும் குழாய்களில் பனி அடைத்தது, அளவுகள் முரண்பட்டன, ஆட்டோபைலட் விலகியது, ஸ்டால் காவலும் விலகியது. துணை விமானி கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்தபடியே இருந்தார். 228 பேரும் இறந்தார்கள். ஏர்பஸ்ஸில் இரு விமானிகளின் கைப்பிடிகளும் ஒன்றோடொன்று பிணைக்கப்படாதவை. பக்கத்தில் இருப்பவர் எவ்வளவு இழுக்கிறார் என்பது மற்றவர் கைக்குத் தெரியாது. போயிங் சக்கரம் இரண்டும் சேர்ந்தே அசையும். இந்த ஒரு விஷயத்தில் என் ஓட்டு போயிங்குக்கு.

கரண்ட் போனால்? புயலுக்குப் புயல் கரண்ட் போகும் ஊர்க்காரர்கள் கேட்கவேண்டிய கேள்வி. இரண்டு எஞ்சினிலும் ஆளுக்கொரு ஜெனரேட்டர் இருக்கிறது. வாலில் மூன்றாவதாக ஒரு சிறு எஞ்சின் ஜெனரேட்டர் உண்டு. பேட்டரிகளும் உண்டு. எல்லாம் போனால் விமானத்தின் அடியிலிருந்து ஒரு சிறிய காற்றாடி வெளியே வரும். விமானம் போகும் வேகத்துக் காற்றிலேயே அது சுழன்று ஹைட்ராலிக் அழுத்தத்தைத் தந்து, அவசர மின்சாரத்தையும் உண்டாக்கும். 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் பறவைக் கூட்டம் மோதி ஒரு ஏ320-இன் இரு எஞ்சினும் விசையிழந்தன. விமானி வால் எஞ்சினை உடனே ஓட விட்டதால் கணினிகளுக்கு மின்சாரம் நிற்கவில்லை. ஹட்சன் ஆற்றில் இறக்கினார், 155 பேரும் பிழைத்தார்கள். இது எதுவுமே இல்லாத கொஞ்ச நேரத்துக்குக்கூட ஏ320-இல் ரட்டரையும் வால் சமநிலையையும் இயந்திர இணைப்பு வழியே அசைக்கலாம்.

எண்ணெய் போனால்? ஏ320-இல் தனித்தனியாக 3 ஹைட்ராலிக் அமைப்புகள் உண்டு. 2024 அக்டோபர் 11 அன்று திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஹைட்ராலிக் கோளாறால் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் திருச்சி வானிலேயே வட்டமிட்டது நினைவிருக்கும். அது வட வகையான 737. 141 பயணிகளும் பத்திரமாக இறங்கினார்கள். வடமானாலும் மின்கம்பியானாலும், ஒன்று போனால் இன்னொன்று என்று அடுக்கி வைப்பதுதான் விமானக் கட்டுமானம்.

இனி உங்களுக்கு நேரடியாகத் தேவையானவை.

நீங்கள் ஏறுவது எந்த வகை என்று முன்பதிவு செய்யும்போதே பார்க்கலாம். ஏ320, ஏ321, ஏ330, ஏ350, போயிங் 777, 787 எல்லாம் ஃப்ளை-பை-வயர். ஏடிஆர், 737 அப்படி இல்லை. இதை வைத்து ஒன்றைத் தவிர்க்கவோ தேடவோ வேண்டாம், தெரிந்துகொள்ள மட்டும்.

கிளம்பும் முன் ஏ320-இல் காலுக்கு அடியிலிருந்து "உர்ர்... உர்ர்..." என்று விட்டு விட்டுச் சத்தம் வரும். முதல் தடவை போகிறவர்கள் ஏதோ உடைகிறது என்று நினைத்துப் பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார்கள். அது ஒரு ஹைட்ராலிக் அமைப்பின் அழுத்தத்தை இன்னொன்றுக்கு மாற்றும் கருவி. பயப்பட எதுவும் இல்லை. ஓடுபாதைக்கு நகரும்போது இறக்கைப் பலகைகள் மேலும் கீழும் போய் வந்தால், விமானி எல்லாம் வேலை செய்கிறதா என்று சோதிக்கிறார். வானத்தில் அய்லரான் துடித்துக்கொண்டே இருந்தால், காற்றைக் கணினி சமாளிக்கிறது.

மின்னல் அடித்தால் கணினி போகாதா? ஒரு பயணிகள் விமானத்தைச் சராசரியாக வருடத்துக்கு ஒரு முறையாவது மின்னல் தொடும். மின்சாரம் வெளித்தோல் வழியே ஓடி வெளியேறிவிடும். கம்பிகளுக்கும் கணினிகளுக்கும் தனிக் கவசம் இருக்கிறது. செல்போனால் இறக்கை அசைந்துவிடாது. ஆனாலும் விமானப் பணியாளர் ஃப்ளைட் மோடு போடச் சொன்னால் போட்டுவிடுங்கள். அது விமானியின் காதில் வரும் பேச்சில் இரைச்சல் சேராமல் இருக்கவும் உதவும்.

"மென்பொருள் வேலை, விமானம் தாமதம்" என்று அறிவித்தால் கோபப்படலாமா? 2025 அக்டோபர் 30 அன்று மெக்சிகோவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன ஜெட்புளூ ஏ320 ஒன்று யாரும் தொடாமலே திடீரென்று கீழே இறங்கியது. சிலர் காயப்பட்டார்கள். ஏர்பஸ் தேடிப் பார்த்து, சூரியனிலிருந்து வரும் கதிர்த் துகள்கள் எலாக் கணினியின் நினைவகத்தில் உள்ள தரவைக் கெடுக்கலாம் என்று நவம்பர் 28-இல் அறிவித்தது. உலகம் முழுக்க 6,000 விமானங்கள் வரை, இந்தியாவில் 300-க்கும் மேல், அடுத்து பறக்கும் முன் சரிசெய்யப்பட வேண்டும் என்று உத்தரவானது. பெரும்பாலானவற்றில் முந்தைய மென்பொருளையே திரும்ப ஏற்றினார்கள், சில மணி நேர வேலை. நம் ஊர் விமான நிலையங்களிலும் அந்த வார இறுதியில் சில விமானங்கள் தாமதமாயின. அத்தகைய தாமதத்துக்கு நான் குறை சொல்ல மாட்டேன். தரையில் இரண்டு மணி நேரம் காத்திருப்பது காற்றில் இரண்டு நொடி விழுவதைவிட நல்லது. உங்கள் பங்குக்கு, அடுத்த விமானத்தைப் பிடிக்க வேண்டிய பயணமென்றால் நடுவில் சில மணி நேரம் இடைவெளி விட்டு டிக்கெட் போடுங்கள்.

கடைசியாக ஒன்று. 2008 அக்டோபர் 7 அன்று சிங்கப்பூரிலிருந்து பெர்த்துக்குப் போன குவான்டாஸ் ஏ330-இல் ஓர் உணரிப் பெட்டி தப்பான அளவுகளை அனுப்பியது. மூக்கு அளவுக்கு மீறித் தூக்கியிருக்கிறது என்று நம்பிய கணினி, சட்டென்று மூக்கைக் கீழே தள்ளியது. வானம் தெளிவாக இருந்தது, பெல்ட் விளக்கு எரியவில்லை. நின்றவர்களும் பெல்ட் போடாதவர்களும் கூரையில் போய் மோதினார்கள். நூறு பேருக்கு மேல் காயம். உயிர்ச்சேதம் இல்லை. கணினி தவறுவது மிக அரிது. தவறினாலும் சில நொடிகளில் விமானியும் மற்ற கணினிகளும் சரிசெய்துவிடுவார்கள். அந்தச் சில நொடிகளுக்கு உங்களைப் பிடித்து வைக்க பெல்ட் ஒன்றுதான் உண்டு. விளக்கு அணைந்தாலும் கழற்றாதீர்கள். தூங்கும்போது போர்வைக்கு மேலே தெரியும்படி போட்டுக்கொள்ளுங்கள். மடியில் கைக்குழந்தை இருந்தால், குழந்தைக்கான தனி பெல்ட்டைப் பணியாளரிடம் கேட்டு வாங்குங்கள்.